விமானிக்கு நடுவானில் உடம்பு முடியாமல் போனால்

என் பெரியப்பா முப்பத்தோரு வருடம் கோத்தகிரிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் இடையே பஸ் ஓட்டியவர். டெல்லியில் பேத்திக்குக் கல்யாணம் என்று எழுபத்திரண்டு வயதில் முதல்முறையாக விமானம் ஏற வேண்டி வந்தது. கோயம்புத்தூரிலிருந்து டிக்கெட் போட்டுக் கொடுத்த அன்று ராத்திரியே போன் செய்தார்.

"ஏங்கண்ணு, ஓட்டுறவருக்குத் திடீர்னு நெஞ்சடைச்சா என்ன பண்ணுவாங்க? எனக்கு அப்படி ஆகியிருந்தா மலைப்பக்கம் ஒடிச்சு மண்ணுல சாய்ச்சிருப்பேன். மேல எங்க சாய்க்கிறது?"

பயந்தவர் கேட்கிற கேள்வி இல்லை இது. கொண்டை ஊசி வளைவில் ஐம்பது பேரின் உயிரைக் கையில் வைத்திருந்தவருக்கு இயல்பாக வருகிற கேள்வி. நான் ஒன்பது வருடம் விமானத்தில் கேபின் குழுவில் வேலை பார்த்தேன். இதற்கென்றே வருடா வருடம் எங்களுக்குப் பயிற்சி உண்டு. பெரியப்பாவுக்கு நாலைந்து நாளாகப் போனில் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல்லைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. கோ-பைலட்டைத் தமிழில் துணை விமானி என்கிறோம். 'துணை' என்றதும் பெரியப்பாவுக்கு லாரி கிளீனர்தான் ஞாபகம் வந்தார். பஸ்ஸிலும் அப்படித்தானே, கண்டக்டர் விசில் கொடுப்பார், வண்டி எடுக்கத் தெரியாது. விமானத்தில் கதை வேறு. கோ-பைலட்டும் அதே ரக விமானத்தை ஓட்ட முழுத் தகுதி பெற்றவர். அனுபவத்தில் கேப்டன் மூத்தவர், முடிவெடுக்கும் அதிகாரம் அவருடையது, அவ்வளவுதான். ஒரு பயணத்தில் ஒருவர் ஓட்டுவார், மற்றவர் ரேடியோவில் பேசுவார், சரிபார்ப்புப் பட்டியலை வாசிப்பார், ஓட்டுகிறவரையும் கருவிகளையும் கவனித்துக்கொண்டே இருப்பார். கோவையிலிருந்து டெல்லிக்குக் கேப்டன் ஓட்டினால், திரும்பும்போது பெரும்பாலும் கோ-பைலட் ஓட்டுவார். உங்கள் விமானத்தைத் தரையிறக்கியது யார் என்று இருக்கையில் இருந்தபடி உங்களால் கண்டுபிடிக்கவே முடியாது.

அதனால்தான் விமானி இறந்தே போன சம்பவங்களிலும் பயணிகள் பத்திரமாக இறங்கியிருக்கிறார்கள். 2009 ஜூனில் பிரஸ்ஸல்ஸிலிருந்து அமெரிக்காவின் நியூவர்க்குக்குப் போன கான்டினென்டல் போயிங் 777இன் கேப்டன் அட்லாண்டிக் கடலுக்கு மேலே காலமானார். விமானம் நியூவர்க்கிலேயே வழக்கம்போல இறங்கியது. 2015இல் ஃபீனிக்ஸிலிருந்து பாஸ்டன் போன அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானத்தின் கேப்டன் வழியில் இறந்தார். கோ-பைலட் சிரக்யூஸில் இறக்கினார். 2024 அக்டோபரில் சியாட்டிலிலிருந்து இஸ்தான்புல் கிளம்பிய டர்கிஷ் ஏர்லைன்ஸ் விமானம், கேப்டன் மயங்கிவிழுந்ததும் நியூயார்க்குக்குத் திருப்பப்பட்டது. இறங்கும் முன்பே அவர் உயிர் பிரிந்துவிட்டது. விமானத்தில் இருந்த மற்ற எல்லாரும் நலமாக வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

சாவு வரை போவது அபூர்வம். 'விமானி செயலிழப்பு' என்று விமானத் துறையில் சொல்வது, ஏதோ ஒரு காரணத்தால் ஒரு விமானி தன் வேலையைச் செய்ய முடியாமல் போவதைத்தான். சிறுநீரகக் கல் வலி, தலைசுற்றல், வலிப்பு, வாந்தி எல்லாமே இதில் சேரும். ஆஸ்திரேலியாவின் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு 2010 முதல் 2014 வரையிலான சம்பவங்களைத் தொகுத்துப் பார்த்தபோது முதலிடத்தில் இருந்தது வயிற்றுக் கோளாறு. அடுத்த இடம், தரையிலிருந்து யாரோ விளையாட்டாக அடிக்கும் லேசர் விளக்கு. கண் கூசிப்போனால் சில நொடிகளுக்கு எதுவும் தெரியாது. விமான நிலையம் பக்கம் பச்சை லேசரைப் பிடித்து விளையாடும் பிள்ளைகளைப் பார்த்தால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள்.

வயிறுதான் முதல் எதிரி என்பதால் விமானிகள் உட்காரும் அறையான காக்பிட்டுக்குப் போகும் இரண்டு தட்டில் ஒரே சாப்பாடு இருக்காது. ஒருவருக்குச் சிக்கன் என்றால் மற்றவருக்குப் பன்னீர். புதிதாகச் சேர்ந்த சமயத்தில், இரண்டு விமானிகளும் ஒன்றையே ஆசைப்பட்டுக் கேட்டால் கொடுத்தால் என்ன என்று நினைத்தேன். கெட்டுப்போன சாப்பாடு ஒருவரைத்தான் படுக்கப் போட வேண்டும், இருவரையும் போடக் கூடாது என்று என் சீனியர் அக்கா சொல்லிக்கொடுத்தார். இந்தச் சின்ன ஏற்பாட்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

சரி, உண்மையிலேயே ஒருவர் சாய்ந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தில் இருப்பவர் முதலில் செய்வது அவரைத் தொட்டுப் பார்ப்பதில்லை. "ஐ ஹேவ் கன்ட்ரோல்" என்று வாய்விட்டுச் சொல்லி விமானத்தைத் தன் கைக்கு எடுத்துக்கொள்வார். விமானத்தைத் தானாக ஓட்டும் ஆட்டோபைலட் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பார்ப்பார், இல்லையென்றால் போடுவார். ஏர்பஸ் ரகத்தில் விமானத்தை ஓட்ட விமானிகளுக்குப் பக்கத்துக்கொன்றாகச் சின்னக் கைப்பிடி உண்டு. மயங்கியவரின் கை தன் பக்கத்துக் கைப்பிடியை அழுத்திக்கொண்டிருந்தால், இவர் தன்னுடையதில் உள்ள சிவப்புப் பொத்தானை அழுத்திப் பிடித்து அதைச் செயலற்றதாக்கலாம். அப்புறம்தான் எங்களைக் கூப்பிடுவார், ரேடியோவில் 'மேடே' என்ற அவசர உதவி அழைப்பை அறிவிப்பார், எங்கே இறங்குவது என்று முடிவு செய்வார். பல வருடம் கூடப் பறந்தவர் பக்கத்திலேயே துடிக்கும்போது அவரைத் திரும்பிப் பார்க்காமல் விமானத்தைப் பார்ப்பது எவ்வளவு கஷ்டம்! ஆனால் அந்த வரிசை மாறக் கூடாது. மயங்கியவரின் உயிரும் அந்த விமானத்தில்தானே இருக்கிறது.

மயங்கியவரைக் கவனிப்பது எங்கள் பொறுப்பு. பயிற்சிக் கூடத்தில் காக்பிட் மாதிரி ஒன்று வைத்திருப்பார்கள். எங்களில் ஆள் கனமான ஒருவர் விமானி இருக்கையில் முன்னால் கவிழ்ந்து கிடப்பார். முதல்முறை நான் அவர் தோளைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. மயங்கியவர் மாதிரி உடம்பைத் தளர்த்திவிட்ட மனிதனின் கனம் இழுத்துப் பார்த்தால்தான் தெரியும். பயிற்சியாளர் முறையைக் காட்டினார். பின்னால் நின்று இரண்டு அக்குளுக்கும் அடியில் கையைக் கொடுத்து நிமிர்த்த வேண்டும். தோள் பட்டைகளை இறுக்கி, மறுபடி முன்னால் சரியாதபடி பூட்டிவிட வேண்டும். கைகள் எந்தக் கருவியிலும் படாமலும் கால்கள் பெடலில் இல்லாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு இருக்கையைக் கடைசி வரை பின்னுக்குத் தள்ளிச் சாய்க்க வேண்டும். ஆக்சிஜன் மாஸ்க்கை மாட்ட வேண்டும். பயணிகளில் டாக்டர் யாராவது இருக்கிறார்களா என்று கேட்க வேண்டும். அந்த நெருக்கடியான இடத்தில் ஒரு ஆளை இருக்கையிலிருந்து தூக்கி வெளியே எடுப்பது பெரும்பாடு. முடியாவிட்டால் அப்படியே பூட்டி வைத்துக் கவனித்துக்கொள்ள வேண்டியதுதான். எங்களில் ஒருவர் அங்கேயே நின்று விமானிக்குச் சரிபார்ப்புப் பட்டியலை வாசித்துக் காட்டவும் நேரலாம்.

இவ்வளவும் சொன்ன பிறகு பெரியப்பா, "அப்ப ஆள் விழுந்தாத் தெரிஞ்சுரும், பிரச்சினை இல்ல" என்றார். அங்கேதான் நான் அவரை நிறுத்தினேன். எனக்குப் பயம் தருவது விழுகிற ஆள் இல்லை. கண் திறந்திருக்க, நிமிர்ந்து உட்கார்ந்திருக்க, உள்ளே மட்டும் ஆள் இல்லாமல் போகிறாரே, அவர்தான்.

1972 ஜூன் 18 அன்று லண்டன் ஹீத்ரோவிலிருந்து பிரஸ்ஸல்ஸுக்கு ஒரு டிரைடன்ட் விமானம் கிளம்பியது. இறக்கையின் முன்விளிம்பில், குறைந்த வேகத்தில் விமானத்தைத் தாங்கிப்பிடிக்க இறக்கி வைக்கும் ஒரு பாகம் உண்டு. உரிய வேகம் வருமுன்பே யாரோ அதை மடக்கிவிட்டார்கள். ஓடுபாதையை விட்டு மூன்று நிமிடம்கூட ஆகவில்லை, ஸ்டெயின்ஸ் ஊருக்குப் பக்கத்தில் விழுந்து 118 பேரும் இறந்தார்கள். கேப்டனின் இதயக் குழாய்களில் ஏற்கெனவே நோய் முற்றியிருந்தது பிரேதப் பரிசோதனையில் தெரிந்தது. அந்த நிமிடங்களில் நெஞ்சு வலியால் அவருடைய கவனமும் முடிவெடுக்கும் திறனும் கலங்கியிருக்க வேண்டும் என்று விசாரணை முடிவுக்கு வந்தது. காக்பிட்டில் வேறு ஆட்களும் இருந்தார்கள். கூட இருந்த இளம் விமானிக்கு வயது 22. விமானம் தவறான வேகத்தில் போவதை யாரும் நேரத்தில் பிடிக்கவில்லை. மூத்தவர் ஓட்டுகிறார், சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிச் சும்மா இருந்துவிடுவது மனித சுபாவம். நம் வீடுகளில் பெரியவர்கள் முன்னால் நாம் இருப்பதும் அப்படித்தானே.

இந்த மாதிரி அனுபவங்களிலிருந்து வந்த வழக்கம்தான் காக்பிட்டின் ஓயாத பேச்சு. இத்தனை அடி உயரம், இத்தனை நாட் வேகம், சக்கரம் இறங்கிவிட்டது என்று ஒருவர் சொல்லிக்கொண்டே இருப்பார், மற்றவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல வேண்டும். இரண்டு முறை கூப்பிட்டும் சரியான பதில் வரவில்லையா, ஆள் செயலிழந்துவிட்டார் என்றே எடுத்துக்கொண்டு கட்டுப்பாட்டை வாங்கிவிட வேண்டும். கேப்டன் என்ன நினைப்பாரோ என்ற தயக்கத்துக்கு அங்கே இடமே இல்லை. நினைத்தது தப்பு, அவர் நன்றாகத்தான் இருக்கிறார் என்றால் ஒரு மன்னிப்போடு முடிந்துவிடும்.

நம் ஊர் மலை ரயிலை வைத்துச் சொன்னபோது பெரியப்பாவுக்கு இது சட்டென்று பிடிபட்டது. கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரப் பாதையில் இன்ஜின் பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு ஏறும். ஓட்டுநருக்கு முன்னால் உள்ள தண்டவாளம் தெரியாது. பெட்டிக்கு ஒரு பிரேக்மேன் நிற்பார். முன்னால் நிற்பவர் கொடியும் கையுமாகப் பாதையைப் பார்த்துக்கொண்டே வருவார், இன்ஜின் விசிலைக் கேட்டு அவரவர் பிரேக்கைப் போடுவார்கள். 1899லிருந்து குன்னூருக்கு ரயில் ஏறுவது ஒரே ஆளின் கண்ணையும் கையையும் நம்பி இல்லை. கொடி அசைய வேண்டிய இடத்தில் அசையவில்லை என்றால், அந்த அசையாமையே ஒரு செய்திதான்.

இனி, இரண்டு விமானிகள் இருந்தும் போதாமல் போகும் ஒரு நிலைமை. இதைப் புரிந்துகொள்ள மலையில் பிறந்தவர்களுக்குக் கூடுதல் வசதி உண்டு.

மேட்டுப்பாளையத்தில் சிப்ஸ் பாக்கெட் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறீர்களா? கோத்தகிரி வந்து சேரும்போது தலையணை மாதிரி உப்பியிருக்கும். பர்லியாறு வழியாகக் குன்னூர் ஏறினாலும் அதே கதைதான், நடுவில் காதும் அடைத்துத் திறக்கும். உயரம் போகப் போக வெளியே காற்றின் அழுத்தம் குறைவதால் பாக்கெட்டுக்குள் இருக்கும் காற்று விரிகிறது. ஊட்டியில் மூடிய காலித் தண்ணீர் பாட்டில் அடிவாரத்தில் நசுங்கிப்போவதும் இதனால்தான். விமானத்துக்குள்ளும் சிப்ஸ் பாக்கெட் இதே அளவுதான் உப்பும். ஏனென்றால் வெளியே 35,000 அடி உயரம் இருந்தாலும், கேபினுக்குள் காற்றை அழுத்தி நிரப்பி 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் உள்ள மாதிரி வைத்திருக்கிறார்கள். போயிங் 787 போன்ற புதிய விமானங்களில் 6,000 அடி, அதாவது கிட்டத்தட்ட நம் குன்னூர். பழைய ரகங்களில் ஊட்டிக்கும் தொட்டபெட்டாவுக்கும் நடுவில் எங்கேயோ. பெரியப்பா அசந்துபோனார். "அப்ப நாம காலம் பூரா பிளேன்லதான் இருந்திருக்கோம்!"

ஆமாம். ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் கால்பங்குகூட இல்லை. கேபின் அழுத்தம் போய்விட்டால் 35,000 அடியில் ஒருவருக்குத் தெளிவாக யோசித்துக் காரியம் செய்யக் கிடைப்பது அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் வரைதான். பொல்லாத விஷயம் என்னவென்றால், ஆக்சிஜன் குறையும்போது வலி தெரியாது. சிலருக்கு மனசு லேசாகி உற்சாகம்கூட வரும். தனக்கு ஏதோ ஆகிறது என்று கண்டுபிடிக்க வேண்டிய மூளைதான் முதலில் மங்குகிறது.

2005 ஆகஸ்ட் 14 அன்று சைப்ரஸிலிருந்து ஏதென்ஸுக்குக் கிளம்பிய ஹீலியோஸ் நிறுவனத்தின் போயிங் 737இல் இதுதான் நடந்தது. பராமரிப்பு வேலையின்போது கேபின் அழுத்தத்தைக் கவனிக்கும் சுவிட்சைக் கைமுறை நிலையில் வைத்தவர்கள் திருப்பி வைக்கவில்லை. விமானிகளும் கவனிக்கவில்லை. விமானம் ஏற ஏற உள்ளே காற்று குறைந்தது. எச்சரிக்கை ஒலியும் அடித்தது. ஆனால் அதே ஒலிதான், தரையில் விமானத்தைப் புறப்படுவதற்கு ஏற்றபடி அமைக்காமல் விட்டாலும் அடிக்கும். விமானிகள் அதை வேறொன்று என்று நினைத்து, தரையிலிருந்த பொறியாளரிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே நினைவிழந்தார்கள். ஆட்டோபைலட் விமானத்தை ஏதென்ஸ் வரை ஒழுங்காகக் கொண்டுபோய் வானில் வட்டமடிக்க வைத்தது. எரிபொருள் தீர்ந்ததும் விழுந்து 121 பேரும் இறந்தார்கள். பக்கத்தில் பறந்து பார்த்த கிரேக்கப் போர் விமானங்களின் விமானிகளுக்கு, கேப்டன் இருக்கை காலியாகவும் கோ-பைலட் கருவிகள் மேல் சாய்ந்தும் கிடந்தது தெரிந்தது.

சாப்பாட்டுத் தட்டுகள் ஞாபகம் இருக்கிறதா? அதே தத்துவம்தான் இங்கேயும். இரண்டு பேரை உட்கார வைப்பதற்கு அர்த்தம், இருவரையும் ஒரே காரணம் ஒரே நேரத்தில் சாய்க்காத வரைக்கும்தான். கெட்ட உணவை இரண்டு தட்டாகப் பிரித்துத் தடுக்கலாம், காற்றைப் பிரிக்க முடியாது. அதனால் காற்றுக்கு வேறு விதி. அழுத்த எச்சரிக்கை வந்ததும் விமானிகள் காரணம் தேடக் கூடாது, முதலில் மாஸ்க்கை மாட்ட வேண்டும். ஒரே கையால் ஐந்து நொடிக்குள் மாட்டும்படியே அவர்களுடைய மாஸ்க்கை வடிவமைத்திருக்கிறார்கள். உங்கள் தலைக்கு மேல் மாஸ்க் தொங்கினாலும் இதே பாடம்தான். முதலில் உங்களுக்கு, அப்புறம்தான் பிள்ளைக்கு. தாய்மாருக்கு இது சங்கடமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் நீங்கள் மயங்கிவிட்டால் பிள்ளைக்கு மாட்டிவிட ஆள் இல்லை.

"இதுக்கெல்லாம் முன்னாடி நல்லா செக்கப் பண்ணி அனுப்பக் கூடாதா?" என்றார் பெரியப்பா. பண்ணுகிறார்கள். வணிக விமானிக்கு வருடத்துக்கு ஒருமுறை, 60 தாண்டினால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவச் சோதனை என்பது சர்வதேச விதி. 65 வயது ஆகிவிட்டால் சர்வதேசப் பயணங்களில் பயணிகள் விமானத்தை ஓட்ட முடியாது. சோதனையில் எவ்வளவு ஆபத்தை அனுமதிக்கலாம் என்பதற்கு ஒரு விதமான மனக்கணக்கும் உண்டு. ஒருவர் அடுத்த ஒரு வருடத்தில் திடீரென்று செயலிழக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்று என்று வையுங்கள். வருடத்துக்குச் சுமார் பத்தாயிரம் மணி நேரம். அப்படியானால் ஒரு மணி நேரத்துக்குப் பத்து லட்சத்தில் ஒன்று. ஒரு மணி நேரப் பயணத்தில் ஏறுவதும் இறங்குவதுமான ஆபத்தான நேரம் ஆறு நிமிடம், பத்தில் ஒரு பங்கு. ஆக ஒரு கோடியில் ஒன்று. அந்த நேரத்திலும் பக்கத்தில் இருப்பவர் சமாளிக்க முடியாமல் போவது நூற்றில் ஒருமுறை என்றால், நூறு கோடியில் ஒன்று. இந்தக் கணக்கில் எனக்கு முக்கியமாகப் படுவது கடைசிப் படி. அந்த நூறு மடங்கு பாதுகாப்பைக் கொண்டுவந்தது பக்கத்து இருக்கை.

சோதனை எல்லாவற்றையும் பிடித்துவிடாது என்பதற்கு 2024 பிப்ரவரி 17 சாட்சி. ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து ஸ்பெயினின் செவில்லுக்குப் போன லுஃப்தான்சா விமானத்தில் கேப்டன் கழிப்பறைக்குப் போயிருந்தார். தனியாக இருந்த கோ-பைலட்டுக்கு வலிப்பு மாதிரி வந்து நினைவு தவறியது. உள்ளே இருந்த நரம்புக் கோளாறு எந்தச் சோதனையிலும் அதுவரை தெரிந்திருக்கவில்லை. திரும்பி வந்த கேப்டன், பூட்டியிருந்த காக்பிட் கதவைத் திறக்கக் கேட்கும் எண்ணை ஐந்து முறை அழுத்தியும் உள்ளேயிருந்து யாரும் திறக்கவில்லை. ஏறக்குறைய பத்து நிமிடம், 205 பேரோடு, ஆட்டோபைலட் மட்டுமே ஓட்டியது. உள்ளேயிருந்து யாரும் திறக்காவிட்டாலும் கதவைத் திறக்கிற அவசர எண்ணைக் கேப்டன் போட்டு, அது வேலை செய்யக் காத்திருக்கும்போது, கோ-பைலட்டே வெளுத்துப்போய் வியர்த்த நிலையில் உள்ளேயிருந்து கதவைத் திறந்தார். கேப்டன் விமானத்தை மாட்ரிட்டில் இறக்கினார்.

நான் வேலை பார்த்த காலத்தில் ஒரு விமானி வெளியே வந்தால் எங்களில் ஒருவர் உள்ளே போய் நிற்போம். ஓட்டத் தெரியாத நாங்கள் போய் என்ன செய்ய? உள்ளே இருப்பவருக்கு ஏதாவது ஆனால் கதவைத் திறந்துவிடலாம். அதற்கு ஒரு ஆள் போதும். எரிச்சலான வழக்கம் என்று அப்போது சிலர் முணுமுணுத்தார்கள். இந்தச் சம்பவத்தைப் படித்த அன்று எனக்குக் கை நடுங்கியது.

இதற்கிடையில் நீண்ட பயணங்களின் நடுப்பகுதியில் காக்பிட்டில் ஒரே விமானி போதும், மற்றவர் தூங்கட்டும் என்ற யோசனை சில வருடங்களாக அடிபடுகிறது. ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை செய்வித்த ஆய்வு, இரண்டு பேர் இருக்கும்போது உள்ள அளவு பாதுகாப்பு அதில் இருக்கும் என்று காட்ட முடியவில்லை என்று 2025இல் முடித்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது. செலவு குறையும் என்பதற்காகப் பக்கத்து இருக்கையைக் காலி செய்வதை நான் எந்தக் காலத்திலும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பெரியப்பா டெல்லி போய் இறங்கியதும் போன் செய்தார். காது அடைத்ததா, சாப்பிட்டாரா என்று கேட்டேன். அதற்கெல்லாம் பதில் சொல்ல அவருக்குப் பொறுமை இல்லை.

"கண்ணு, நடுவுல ஒரு பைலட் வெளிய வந்தாரு. சாப்பாட்டு வண்டியக் குறுக்க நிறுத்திட்டு ஒரு பொண்ணு உள்ள போச்சு. நான் வாட்சைப் பாத்துக்கிட்டே இருந்தேன். நாலு நிமிசம். அவரு திரும்பிப் போற வரைக்கும் அந்தப் பொண்ணு வெளிய வரவே இல்ல."